பேருந்தில் ஏறாத மாணவன்

சுற்றுலா என்னும் சொல்லைக் கேட்டவுடன் மாணவர் முகம் மலர்வதைக் காணாத ஆசிரியர் இரார். பாடநூலைக் கண்டதும் சோர்கின்ற கண்கள், பேருந்து வரப்போகிறது என்றால் வைகறைக்கு முன்பே விழித்துக் கொள்கின்றன. ஆறாம் ஆண்டு மாணவர்கள் தொடக்கப்பள்ளியை விட்டுப் பிரியுமுன் அவர்களுக்கு நாட்டைச் சுற்றிக் காட்டும் வழக்கம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் உண்டு. அவ்வழக்கத்தின் பயன்களை ஆசிரியப் பெருமக்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அதன் ஓரத்தில் யாரும் நோக்காமல் நிற்கும் ஓர் அறக்கேள்வியே இங்கு ஆராயத்தக்கது. ஒரு வகுப்பின் பெயரால் நிகழும் பயணம் யாருக்கு உரியது?

கிள்ளான் நகரத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றை எண்ணிக் கொள்வோம். வகுப்பில் 38 மாணவர். மூன்று நாள் பயணம். வடக்கே ஈப்போ வழியாகக் கோல கங்சார், அங்கிருந்து கிரிக்; 1982ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் மலைத்தொடரைக் கடந்து ஜெலி, கோத்தா பாரு; பின்னர்க் கடலோரமாகத் தெற்கே குவாந்தான்; இறுதியில் காராக் நெடுஞ்சாலையில் கோம்பாக் இறங்கி மீண்டும் கிள்ளான். தீபகற்பத்தின் பெரும்பகுதியை வளைத்து வருகின்ற வழி. கட்டணம் அறிவிக்கப்படுகிறது. 31 பேர் பெயர் கொடுக்கின்றனர். எழுவர் கொடுக்கவில்லை.

அவ்வெழுவருள் ஒருவனை ஆசிரியர் தனியே அழைத்துக் காரணம் கேட்கிறார். "பஸ்ஸில போனா எனக்குத் தல சுத்தும் ஐயா" என்கிறான். ஆசிரியர் தலையசைத்து அனுப்பி விடுகிறார். அந்தப் பையனுக்குத் தலை சுற்றுவதில்லை என்பது அவருக்கும் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும்.

சிறுபாணாற்றுப்படையில் வரும் ஒரு வறிய இல்லத்தைத் தமிழாசிரியர் அறிவர். குப்பையில் முளைத்த வேளைக்கீரையைப் பறித்து, உப்புமின்றி வேகவைத்து, அதனை உண்பதைப் பிறர் காண நாணிக் கதவை அடைத்துக் கொள்கிறாள் ஒருத்தி. பசியைக் காட்டிலும் பார்வைக்கு அஞ்சிய கை அது. தலை சுற்றும் என்று அந்தச் சிறுவன் சொன்ன பொய்யும் அவ்வாறு அடைக்கப்பட்ட கதவே. அதனைத் தட்டித் திறக்க முயலும் ஆசிரியரின் இரக்கம் சில வேளைகளில் வறுமையினும் கொடிது. வகுப்பின் நடுவே எழுந்து, "பணம் கட்ட முடியாதவர்கள் கையைத் தூக்குங்கள், பள்ளி பார்த்துக் கொள்ளும்" என்று நல்லெண்ணத்தோடு கூறும் குரல் எத்தனை கைகளைக் கீழேயே நிறுத்தி வைத்திருக்கும்!

இனி, செய்யத்தக்கது யாது? எல்லாரும் போக இயலாதெனில் எவரும் போக வேண்டா என்பது ஒரு வாதம். கேட்பதற்கு அது நேர்மையாகத் தோன்றும். ஆயினும் அந்நேர்மை எழுவருக்கு எதையும் தராமல் 31 பேரிடமிருந்து பறிக்கிறது. அது மட்டுமன்றி, தங்களால்தான் பயணம் நின்றது என்னும் பழியையும் அந்த எழுவர் தலையில் ஏற்றி வைக்கிறது. இயன்றவர் போகட்டும், இயலாதவர் இருக்கட்டும் என்பது மற்றொன்று. அதனை வாதம் என்று சொல்வதற்கில்லை. நடைமுறை என்று சொல்லலாம். இவ்விரண்டினும் மேலான வழி, யார் எவ்வளவு இட்டார் என்பது எவருக்கும் தெரியாதவாறு பெற்றோர் அனைவரும் ஒரே பெட்டியில் இடுவதே. அதற்கு ஓராண்டுக்கு முன்பே தொடங்க வேண்டும். பெரும்பாலும் நாம் ஒரு மாதத்துக்கு முன்புதான் தொடங்குகிறோம்.

அப்படியே பெட்டி நிறைந்தாலும் சிலர் வர மாட்டார். தாய் இரவு நேர வேலைக்குச் செல்லும் வீட்டில் தம்பி தங்கையரைப் பார்த்துக் கொள்ளும் பத்து பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளைகள் இந்நகரங்களில் உண்டு. பணம் அவர்களை விடுவிக்காது. ஆதலால், போகாதவன் எப்போதும் இருப்பான். அவனுக்கு இப்பயணத்தில் பங்கு உண்டா இல்லையா என்பதே நம்முன் நிற்கும் கேள்வி.

பங்கு தருவதாக எண்ணிக் கொண்டு நாம் செய்கின்றவற்றைச் சற்று நோக்குவோம். பேருந்து புறப்பட்டது முதல் பெற்றோரின் புலனக் குழுவில் படங்கள் வந்து விழுகின்றன. கோத்தா பாரு கடற்கரையில் கைகோத்து நிற்கும் பிள்ளைகளைக் கிள்ளானில் உள்ள எழுவர் வீட்டுக் கைப்பேசிகளும் காட்டுகின்றன. அனுப்பியவர் மனத்தில் தீங்கில்லை. ஆனால் பார்க்க மட்டுமே இடம் தரப்பட்டவனுக்கு அது கடைக் கண்ணாடிக்குப் பின்னிருக்கும் பலகாரம்.

இதனினும் பெரிய தவறு ஒன்று உண்டு. திரும்பி வந்த மறுவாரம் கட்டுரைப் பாடத்தில், 'நான் சென்ற சுற்றுலா' என்று கரும்பலகையில் எழுதப்படுகிறது. 38 பேரும் எழுத வேண்டும். போகாதவன் என்ன செய்வான்? மாதிரிக் கட்டுரை நூலைப் புரட்டுகிறான். கதிரவன் எழுவதையும், பறவைகள் இன்னிசை எழுப்புவதையும், அலைகள் அவன் பாதங்களை முத்தமிடுவதையும் எழுதி முடிக்கிறான். போனவனோ பேருந்தில் வாந்தி எடுத்த நண்பனைப் பற்றியும், கிரிக்கைத் தாண்டியபின் சாலையோரத்தில் கண்ட யானை எச்சரிக்கைப் பலகையைப் பற்றியும், பிழைகள் மலிந்த நடையில் எழுதுகிறான். மதிப்பெண் யாருக்கு மிகுதியாகக் கிடைக்கும் என்பதை ஆசிரியர்கள் அறிவர். காணாததைக் கண்டதாக எழுதியவனை மெய்யாகக் கண்டவனுக்கு மேலே ஏற்றி வைக்கிறோம். கற்பனைக் கட்டுரை வேறு. அதன் தலைப்பே அதனைக் கற்பனை என்று அறிவித்து விடுகிறது. இங்கு நிகழ்வதோ பொய். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் கைவிடப்பட்ட பின்னும் இவ்வழக்கம் மாறியதாகச் சொல்வதற்கில்லை. தலை சுற்றும் என்று சிறுவன் சொன்ன முதற்பொய் அவனுடைய மானத்தைக் காத்தது. இரண்டாம் பொய்யை அவனுக்குக் கற்பித்தது பள்ளி.

பயணத்தைப் பகிர்வது எங்ஙனம் என்பதைப் பிற நாட்டாரிடம் கற்குமுன் நம்மிடமே கற்க இடமுண்டு. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை வகையின. அவற்றுள் பொருநரும் பாணரும் கூத்தரும் தோன்றுகின்ற நான்கும், பரிசில் பெற்றுத் திரும்புகின்றவன் எதிரே வரும் வறியவனிடம் வழி கூறுவதாக அமைந்தவை. இவ்வமைப்பை இலக்கண வகையாகக் கற்பிக்கிறோம். அதனுள் உள்ள அறத்தை விட்டு விடுகிறோம். மலைபடுகடாத்தில் நன்னனிடம் செல்லும் வழி எத்துணை நுணுக்கமாகச் சொல்லப்படுகிறது! தினைப்புனத்தில் பன்றிக்கு வைத்த பொறி உண்டு, விடிந்தபின் செல்லுங்கள் என்றும், யானையை விரட்டக் கவணில் எறியும் கல் பாய்ந்து வரும், மரத்தில் மறைந்து செல்லுங்கள் என்றும் கூறப்படுகிறது. தான் கண்ட காட்சியைச் சொல்லி மகிழ்விப்பது மட்டுமே நோக்கமாயின் பன்றிப் பொறியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கேட்பவன் அவ்வழியே நடக்கப் போகிறவன் என்று சொல்பவன் கருதுகிறான். கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையின் யானைப் பலகையைக் குறித்து எழுதிய மாணவன், தன்னை அறியாமலே அம்மரபின் அருகில் வந்து விட்டான். மாதிரிக் கட்டுரை நூலுக்கு அவ்வழி தெரியாது.

அண்மைக் காலத்தில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு கிடைக்கிறது. பால் சலோபெக் என்னும் அமெரிக்கச் செய்தியாளர், ஆதிமனிதர் உலகெங்கும் பரவிய தடத்தைக் கால்நடையாகவே பின்பற்றுவதென 2013ஆம் ஆண்டு எத்தியோப்பியாவிலிருந்து புறப்பட்டார். அவர் எழுதுவனவற்றை ஒட்டி ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் புராஜெக்ட் சீரோ என்னும் கல்வி ஆய்வு அமைப்பு, பல நாட்டு வகுப்பறைகளை இணைத்தது. அங்கு மாணவர்க்கு இடப்பட்ட பணிகளுள் ஒன்று எளியது: உன் வீட்டைச் சுற்றியுள்ள தெருவில் மெதுவாக நடந்து பார், கண்டதை வேறு நாட்டு மாணவனுக்குச் சொல். பயணி ஒருவர் நடந்ததால் வகுப்பும் நடந்தது.

இதற்குப் பொருட்செலவு இல்லை. பிரிக்பீல்ட்ஸ் மாணவன் தன் தெருவில் நடந்தால், 1881ஆம் ஆண்டுத் தீயிலும் வெள்ளத்திலும் கோலாலம்பூர் அழிந்த பின்னர், அந்நகரைக் கட்டுவதற்குச் செங்கல் சுட்ட மண்ணின் மேல் நடக்கிறான். 1905ஆம் ஆண்டளவில் இரயில்வே ஊழியர்க்குக் கட்டப்பட்ட நூறு குடியிருப்புகள் இன்று இல்லை. அவை இருந்த இடத்தை ஒரு முதியவரிடம் கேட்டுத்தான் அறிய வேண்டும். கிள்ளான் மாணவனுக்கு, 1901ஆம் ஆண்டு போர்ட் சுவெட்டன்ஹாம் என்னும் பெயரில் திறக்கப்பட்டு 1972இல் பெயர் மாறிய துறைமுகம் அருகிலேயே உள்ளது. எத்தனையோ தமிழர் இந்நாட்டில் முதன்முதல் கால் வைத்த இடம் அது.

மீண்டும் அந்த எழுவரிடம் வருவோம். பயணத்தின் முதல் நாள் நிற்கும் இடம் கோல கங்சார். அங்கு மாவட்ட அலுவலகத்தின் அருகே ஒரு முதிய ரப்பர் மரம் நிற்கிறது. 1876இல் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன விதைகளின் வழிவந்த 22 நாற்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் கோல கங்சாரில் நடப்பட்ட ஒன்பதில் எஞ்சியதாகக் கூறப்படுவது அம்மரம். நம் முன்னோர் கடல் கடந்து வந்ததற்குரிய காரணங்களுள் ஒன்று அங்கே வேலிக்குள் நிற்கிறது. ஆயினும் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்ட கிள்ளான் பள்ளத்தாக்கில் பிறந்த பிள்ளைக்கு அது மற்றுமொரு மரம். ஐந்து நிமிடத்தில் படம் எடுத்து முடித்துப் பேருந்தேறி விடலாம்.

போகாத சிறுவனின் வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார். அவர் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். இருள் பிரியுமுன் பெரட்டுக்கு நின்றதையும், வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையுமென்று நிரையை விரைந்து முடித்ததையும், வெட்டு ஆழமாகிக் கட்டையில் பட்டுவிட்டால் அந்தக் காயத்தின்மேல் பட்டை சீராக வளராது என்பதையும் அவர் அறிவார். புறப்படுவதற்கு முதல் வாரமே பயண வழியை வகுப்பு முழுமைக்கும் கொடுத்து, ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கேள்வியை வீட்டிலிருந்து கேட்டு வருமாறு 38 பேருக்கும் சொல்லியிருந்தால், அந்தச் சிறுவன் கொண்டு வந்திருக்கக்கூடிய கேள்வியை எண்ணிப் பார்க்கலாம். "அந்த மரத்த வெட்டியிருக்காங்களா? காயம் எந்தப் பக்கம் இருக்கு? பாட்டி பாத்துட்டு வரச் சொன்னாங்க."

அக்கேள்வியைச் சட்டைப்பையில் வைத்திருப்பவன் மரத்தின்முன் நின்று படம் எடுப்பதோடு திரும்பி விட முடியாது. வேலியைச் சுற்றி வந்து, குனிந்து, பட்டையை உற்றுப் பார்த்தாக வேண்டும். கிள்ளானுக்கு வந்ததும் அவன் விடை சொல்ல வேண்டிய ஒருவன் வகுப்பில் இருக்கிறான். அவனுக்குப் பின்னால் ஒரு பாட்டியும் இருக்கிறார். விடை தவறாயின் அவர் கண்டுபிடித்து விடுவார்.