சித்தாள் கணக்கு

வீட்டுக்குள் அடைபட்ட பெண், வீட்டைவிட்டு வெளியேறிய பெண், வீடே இல்லாத பெண் என்று நாம் நிறைய எழுதியிருக்கிறோம். எஸ்டிமேட் தாளை மடியில் வைத்துக்கொண்டு கம்பியின் எடைக்குக் கணக்குப் போடுகிற பெண் நம் கட்டுரைகளில் அதிகம் வருவதில்லை. அவளிடம் பணம் இருக்கிறது. யாருக்கு எவ்வளவு என்று எழுதும் பேனாவும் இருக்கிறது. அதிகாரம் இல்லாதவளாகவே தன்னை நினைத்துப் பழகியவள் அந்தப் பேனாவை என்ன செய்வாள்?

2023இல் திருச்சியில் எங்கள் பழைய வீட்டின்மேல் மாடி எடுத்தேன். 450 சதுர அடி: எனக்கு ஓர் அறை, குளியலறை, புத்தகங்களுக்கு ஒரு கூடம். கூடவே கீழே அம்மாவின் அடுப்படியை இடித்து அகலப்படுத்தும் வேலை. மொத்தம் 14 லட்சம். வரைபடத்தையும் கம்பிக் கணக்கையும் பொறியாளரிடம் வாங்கிக்கொண்டு மற்றதை நானே பார்த்துக்கொள்வது என்று இறங்கினேன். சாமான் என் பொறுப்பு, ஆள் மேஸ்திரி பொறுப்பு, சனிக்கிழமை கூலி. முனைவர் பட்டத்துக்குப் படித்ததைவிட வேகமாகப் படித்தேன். கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வந்துவிடும், 8 மி.மீ. கம்பி 0.395 கிலோ. எம்-சாண்ட் ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. ஒன்பது அங்குலச் சுவர் 100 சதுர அடிக்குக் கிட்டத்தட்ட 1000 செங்கல் பிடிக்கும். இதெல்லாம் வாயில் வர ஆரம்பித்த பிறகு, கம்பிக்கடைக்காரர் “வீட்டுல சாரை வரச் சொல்லுங்க” என்பதை விட்டுவிட்டார். சின்ன சந்தோஷம்தான், மறுக்கவில்லை.

ஆனால் பட்ஜெட் எங்கே வளையும் என்பதும் அதோடு சேர்ந்தே தெரிந்தது. கம்பியில் எவ்வளவு பேரம் பேசினாலும் கிலோவுக்கு ஒன்றிரண்டு ரூபாய். சிமென்ட் மூட்டையில் அதுவும் கிடையாது. கொத்தனார் கூலியைக் குறைத்துப் பேசினால் மறுநாள் கொத்தனார் வர மாட்டார். எல்லோரும் விறைத்து நிற்கும் வரிசையில் கடைசியாக நிற்பவள் சித்தாள்.

இந்தச் சொல்லைப் பாருங்கள். சிற்றாள், சிறு ஆள். அதே மாதிரி வேலை செய்யும் ஆணுக்குப் பெயர் பெரியாள். கொத்தனுக்கு ‘ஆர்’ விகுதி கிடைத்திருக்கிறது. இருபது வருடம் சுமந்தாலும் சித்தாளுக்கு அது கிடைப்பதில்லை, கரண்டியும் கிடைப்பதில்லை. மேஸ்திரி சொன்ன நாள்கூலி கொத்தனாருக்கு 1000, பெரியாளுக்கு 800, சித்தாளுக்கு 600. காரணம் கேட்டேன். “அவ சித்தாளுங்க டீச்சர்” என்றார். பெயரே காரணமாகிவிட்டது.

என் அறை பன்னிரண்டுக்குப் பத்து. உயரம் பத்தடி. கதவு ஜன்னல் கழித்து சுமார் 400 சதுர அடிச் சுவர், 4000 செங்கல். ஒரு கல் மூன்று கிலோ என்று வைத்தாலும் 12 டன். நடைக்கு எட்டுக் கல் என்றால் 500 நடை, சாரத்துப் படியில், தலையில். வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் எழுதப் பெண்ணுக்குப் பணமும் தனி அறையும் வேண்டும் என்றார். அதை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். அந்த அறைக்குக் கல் சுமந்தது யார் என்று எந்த மாணவியும் என்னிடம் கேட்டதில்லை.

சம ஊதியச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. ஒரே வேலைக்கும் ஒரே தன்மையான வேலைக்கும் ஆண், பெண் என்று கூலியில் பேதம் கூடாது என்றது அது. ‘பெரியாள் மண் வெட்டுகிறான், சித்தாள் தூக்கத்தானே செய்கிறாள்’ என்ற வாதத்தோடு அந்தச் சட்டம் வாசலில் நின்றுவிட்டது. கணக்குப் பார்த்தேன். இரண்டு சித்தாள், 70 நாள், 200 ரூபாய் வித்தியாசம்: 28,000. 14 லட்சத்தில் இரண்டு சதவீதம். 600 சதுர அடித் தரைக்கு 95 ரூபாய் டைல்ஸுக்குப் பதில் 50 ரூபாய் டைல்ஸ் போட்டால் 27,000 வந்துவிடும்.

மேஸ்திரி நல்ல மனிதர். அவர் சொன்ன மாற்று வழியும் நல்ல மனதோடு சொன்னதுதான். “தீபாவளிக்கு நல்லதா புடவை எடுத்துக் குடுங்க டீச்சர். கூலியில கை வைக்காதீங்க.” நான் யோசித்துக்கொண்டே இருந்தது இந்த வாக்கியத்தைத்தான். புடவையும் பணம்தானே? ஆனால் புடவையை வாங்குகிறவள் கும்பிட வேண்டும். கொடுக்கிறவள் அந்தக் கும்பிடைப் பெற்றுக்கொள்ள வேண்டும். எவ்வளவு, எப்போது, என்ன நிறம் என்பது கொடுப்பவள் இஷ்டம். கூலி வாங்குகிறவள் எண்ணிப் பார்க்கலாம், குறைந்தால் சண்டை போடலாம், நன்றி சொல்லாமல் போகலாம். முதலாளிப் பெண்ணுக்கு இயல்பாக வருவது புடவைதான். நம் பெண்ணியத்திலும் புடவை கொஞ்சம் அதிகம் என்று தோன்றுகிறது.

சம்பந்தப்பட்டவர்களிடமே கேட்டேன். என் வயதுக்காரி உடனே மறுத்தாள். “நீங்க குடுத்துருவீங்கக்கா. அடுத்த சைட்டுக்கு மேஸ்திரி என்னைக் கூப்பிட மாட்டாரு. 800 குடுக்கிறதுக்கு ஆம்பளையையே வச்சுக்குவோம்பாங்க.” இளையவள் சாந்துச் சட்டியை இறக்காமலே, “குடுங்கக்கா, வாங்கிக்கிறேன்” என்றாள். மூத்தவள் சொன்னதை நான் எளிதாகத் தள்ளவில்லை. என் நீதி 70 நாளில் முடிந்துவிடும். அவள் பிழைப்பு அதற்குப் பிறகும் ஓட வேண்டும். ஆனாலும் அவள் பயத்தையே காரணமாக வைத்து 600 கொடுத்தால், லாபம் என் பைக்குத்தான் வருகிறது. அடுத்தவளின் நன்மைக்காக என்று சொல்லி நான் சேமிக்கிற பணத்தை என்னால் நம்ப முடியவில்லை.

அதனால் கையில் ரகசியமாகத் திணிக்காமல், மேஸ்திரியின் நோட்டிலேயே இருவருக்கும் 800 என்று எழுத வைத்தேன். டைல்ஸ் மாறியது. தளம் போட்ட அன்று மட்டும் மிக்ஸர் மெஷினோடு தனி கோஷ்டி வந்தது. மொத்தப் பேச்சு, பெண்களுக்கு எவ்வளவு என்று கடைசிவரை என்னிடம் சொல்லவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை பெரியாள் வந்து நின்றார். “அப்ப எனக்கு எவ்வளவு கூட்டுவீங்க டீச்சர்?” உங்கள் கூலி குறையவில்லையே என்றேன். “குறையலதான்” என்று சொல்லிவிட்டு நகராமல் நின்றார். மூத்தவள் அன்று கூலியை வாங்கி இரண்டு முறை எண்ணினாள், என்னிடம் ஒன்றும் சொல்லாமல் பஸ்ஸுக்குப் போனாள்.