பூனையும் பற்றும்

நடுவயதுப் பெண்ணொருத்தி பூனையிடம் பேரன்பு கொண்டால், “சுற்றம் இருக்க இஃது எதற்கு?” என உலகம் வினவும். அவ்வினா ஆராயத்தக்கது.

ஆங்கில எழுத்தாளர் டோரிஸ் லெஸ்ஸிங் (1919–2013) முதல் மணவாழ்வையும் இரு குழந்தைகளையும் விட்டுப் பிரிந்தவர். அதனை நாம் போற்ற வேண்டுவதில்லை. ஆயினும் நடுவயதில், 1967இல், அவர் பூனைகளைப் பற்றி எழுதிய நூல் சிந்திக்கத்தக்கது. பெருகும் பூனைகளைக் கொல்வதே வழக்கமாயிருந்த ஆப்பிரிக்கப் பண்ணையில் வளர்ந்தவர் அவர். பின்னாளில் இலண்டனில், நோயால் இறக்கும் நிலையிலிருந்த கரும்பூனையை அவரே பல நாள் நீரூட்டிக் காத்தார். வழக்கம் கொல் என்றது, உள்ளம் காவென்றது.

மனைவி, தாய் என்னும் பெயர்களைப் பூனை அறியாது. முதுமையில் நம்மைத் தாங்காது, குலப்பெயரை விளக்காது. கைம்மாறு கருத இடமில்லாத அவ்விடத்தில்தான் நம் அருள் மெய்யா என்பது புலப்படும்.

“என் பூனை” என்னும் எண்ணம் மிகின் அதுவும் தளையே. ஆனால் பூனை அதற்கு உடன்படுவதில்லை. அழைத்தால் வாராது, விரும்பினால் வரும். உடைமையாக்காமல் பேணுதலை அது கற்பிக்கிறது.

கணவரிடமும் மக்களிடமும் நாம் அவ்வாறு அன்பு செலுத்துகின்றோமா? பூனை வளர்ப்பவளைப் பழிக்குமுன் இதனை நம்மையே வினவிக்கொள்ளுதல் நன்று.