குடிலில் ஒரு லாரி

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு நான்கு நாள்கள் இருந்தன. எங்கள் கூடத்து மூலையில் குடில் ஏறக்குறைய முடிந்திருந்தது. ஐந்து வயது மகன் தேங்காய்ச் சிரட்டைகளில் தூவிய கேழ்வரகு, விரற்கடை உயரத்துக்கு முளைத்து நின்றது. கண்ணாடித் துண்டு ஒன்று குளமாகியிருந்தது; கசக்கிய பழுப்புக் காகிதம் பாறையாகியிருந்தது. மறுநாள் மாலை அன்பியத்தார் வீடுவீடாகக் குடில்களைப் பார்வையிட வருவதாக ஏற்பாடு. சிறந்த குடிலுக்குப் பரிசும் உண்டு.

வேலை முடிந்து வீடு திரும்பியபோது, இடையர்களுக்கும் வெறுமையாயிருந்த தீவனத் தொட்டிக்கும் நடுவே மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் லாரி ஒன்று நின்றிருந்தது. அதில் பின்சக்கரம் ஒன்று இல்லை. "இது எதுக்குடா இங்கே?" என்றேன். "ஆடெல்லாம் நடந்து வந்துச்சுல்லப்பா, கால் வலிக்கும். திரும்பிப் போறப்ப இதுல ஏறிக்கும்" என்றான்.

சிரித்தேன். அவன் உறங்கிய பின் லாரியை எடுத்து அலமாரியின் மேல் வைத்துவிட்டேன். எங்கள் குடிலுக்கு இரண்டாம் பரிசாக ஓர் எவர்சில்வர் கிண்ணம் கிடைத்தது.

இதில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்று வாசகர்கள் எண்ணலாம். பல ஆண்டுகள் நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். குடில் என்பது விளையாட்டுச் சாமான் அடுக்கும் இடமன்று. மீட்பின் மறைபொருளை நினைவூட்டும் புனித அடையாளம். பெத்லகேமில் லாரி ஏது? பிள்ளைக்கு உண்மையைக் கற்பிக்க வேண்டியது பெற்றோரின் கடமையல்லவா? இவையெல்லாம் வலுவான வாதங்களே.

ஆயினும் பெத்லகேமில் என்னதான் இருந்தது? லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். தீவனத் தொட்டி உண்டு, துணிகளில் பொதிந்த குழந்தை உண்டு, இடையர்கள் உண்டு. மாடும் கழுதையும் இல்லை. எசாயா நூலின் முதல் அதிகாரத்தில் தம் உடைமையாளரை அறிந்த மாட்டையும் கழுதையையும் பற்றி வருகிற சொற்களிலிருந்தே, பிற்காலக் கிறிஸ்தவர்கள் அவற்றைக் குடிலுக்குள் அழைத்து வந்தார்கள். அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் 1223ஆம் ஆண்டு இத்தாலியின் கிரெச்சோ என்னும் சிற்றூரில் அமைத்த குடிலில் சுரூபங்களே இல்லை. ஏறக்குறைய 15 நாள்களுக்கு முன்பே அவ்வூர் நண்பர் ஒருவரிடம் சொல்லி வைக்கோலும் தீவனத் தொட்டியும் உயிருள்ள மாடும் கழுதையும் ஆயத்தம் செய்யச் சொன்னார். அந்தத் தொட்டியின்மேல் திருப்பலி நடந்தது. ஊர் மக்கள் தீப்பந்தங்களோடு வந்து நின்றார்கள். அந்த மாடு பெத்லகேம் மாடன்று, கிரெச்சோ மாடு, தீப்பந்தங்களும் அவ்வூராருடையவையே. தங்களிடம் இருந்ததைக் கொண்டு வந்தார்கள், அவ்வளவுதான். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2019 டிசம்பர் 1 அன்று அதே கிரெச்சோவுக்குச் சென்று குடிலைப் பற்றிய திருமடல் ஒன்றில் கையொப்பமிட்டார். நற்செய்தியோடு தொடர்பில்லாததுபோல் தோன்றும் உருவங்களைப் பிள்ளைகளும் பெரியவர்களும் குடிலில் சேர்ப்பதை அதில் அவர் குறையாகக் கூறவில்லை. மனிதத்தன்மை உடைய அனைத்துக்கும் அங்கே இடமுண்டு என்றே கண்டார்.

எனினும் திருமடலைக் காட்டி லாரிக்கு அனுமதி வாங்குவது என் நோக்கமன்று. தீவனத் தொட்டியில் பட்டாசுச் சரத்தை அவன் தொங்கவிட்டிருந்தால் நானே தடுத்திருப்பேன், தடுக்கவும் வேண்டும். என்னை உறுத்துவது வேறு. அவனை அருகில் அமர்த்தி, அந்த இரவின் கதையைச் சொல்லி, "இப்போது சொல், லாரி இங்கே நிற்கலாமா?" என்று கேட்டிருந்தால் அது கற்பித்தல். நானோ அவன் உறங்கும்வரை காத்திருந்தேன். கற்பிப்பவன் எதற்காக இருட்டுவரை காத்திருக்க வேண்டும்? நான் காக்க முயன்றது குடிலின் புனிதத்தையா, வருகிறவர்கள் முன் என் மதிப்பையா என்பதற்கு அந்தக் காத்திருப்பே விடை. நம் வீட்டுச் சிறு விழாக்கள் பலவற்றிலும் இது நிகழ்கிறது. புதுநன்மை வாங்கிய குழந்தை பசியால் வாடி நிற்க, புகைப்படக்காரருக்காக மாலையைச் சரிசெய்துகொண்டிருக்கிறோம். விழா பிள்ளையின் பெயரில் நடக்கிறது. பிள்ளையோ அதில் ஓர் அலங்காரப் பொருள்.

குழந்தைகளைத் தம்மிடம் கொண்டு வந்தவர்களைச் சீடர்கள் அதட்டியபோது இயேசு சினங்கொண்டார் என்பதை மாற்கு மட்டுமே எழுதுகிறார். மத்தேயுவும் லூக்காவும் அந்தச் சினத்தைச் சொல்லவில்லை. அச்சீடர்கள் தீயவர்களல்லர், கூட்டத்தில் ஒழுங்கு காக்க விரும்பிய நல்லவர்களாகவே அவர்களை நினைக்கத் தோன்றுகிறது. என்னைப் போன்றவர்கள்.

அடுத்த ஆண்டு அவனுக்கு ஆறு வயது. ஒவ்வோர் ஆட்டையும் வைப்பதற்கு முன் என் முகத்தைப் பார்த்து, "இங்க வைக்கலாமாப்பா?" என்று கேட்டான். மூன்றாவது முறை அவன் கேட்டபோது எழுந்துபோய், அலமாரியின் மேலிருந்து லாரியை எடுத்துத் தூசி தட்டி அவன் கையில் கொடுத்தேன். சற்று நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"வேணாம்பா, வர்றவங்க சிரிப்பாங்க" என்று சொல்லி, அதைப் பழைய சாமான் பெட்டிக்குள் வைத்துவிட்டு, அடுத்த ஆட்டைக் கையில் எடுத்தான்.