விளக்கை எங்கே வைப்பது

காவிரிப் பாசனக் கிராமம் ஒன்றில் என் பாட்டனார் காலத்தில் எழும்பி, தகப்பனார் காலத்தில் பின்பக்கம் ஒரு கட்டு நீண்டு, எங்கள் காலத்தில் ஐப்பசி மழைக்கு அண்டாவும் குண்டானும் ஏந்த வேண்டிய நிலைக்கு வந்துவிட்ட ஓட்டு வீட்டைப் பிரித்து விஸ்தரித்துக் கட்டுவதென்று, சகோதரர்கள் மூவரும் ஒரு தை மாதத்தில் ஏகமனதாகத் தீர்மானித்தோம். வீட்டைச் சுற்றிப் பார்த்த கொத்தனார், கூடத்தின் மேற்குச் சுவரில் கரித்துண்டால் பெருக்கல் குறி போட்டு, "இதை எடுத்தால்தான் கூடம் அகலும்" என்றார். அந்தச் சுவரில்தான் விளக்கு மாடம் இருந்தது. ஒரு சாண் அகலம், முக்கோணத் தலை, எண்ணெய் ஊறிக் கறுத்த அடி, புகை ஏறிய உச்சி, அவ்வளவுதான். அதுவரை தூணைப் பிடித்தபடி ஒரு வார்த்தையும் பேசாதிருந்த எங்கள் தாயார், "அப்போ விளக்கை எங்கேப்பா வைக்கிறது?" என்று கேட்டார்.

புது வீட்டில் பூஜைக்கென்று தனி அறையே வரப்போகிறது என்று சமாதானம் சொன்னோம். சொன்னது சரிதான்; ஆனால் அவர் கேட்டது வேறு என்பது எனக்கு விளங்க வெகு நாளாயிற்று.

பழைய வீட்டைப் புதுப்பிக்க முற்படுகிறவன், தத்துவ சாஸ்திரத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்காதவனாயினும், முதல் கடப்பாரையை ஒரு தத்துவப் பிரச்னையின் மேல்தான் போடுகிறான். எதை எதை மாற்றினாலும் இது அதே வீடாக இருக்கும்? எது போனால் வேறு வீடாகிவிடும்? ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் புதிதன்று. ஆண்டுதோறும் சித்திரை, வைகாசியில் ஓட்டைப் பிரித்து, நொறுங்கியதைத் தள்ளி, உளுத்த பனங்கையை மாற்றி, மறுபடி வேய்ந்து வந்ததில், பாட்டனார் தம் கையால் எண்ணி வாங்கிய ஓடுகளில் ஒன்றாவது எங்கள் தலைக்கு மேல் மிஞ்சியிருந்ததா என்பது யாருக்கும் தெரியாது. ஆயினும் அது பாட்டனார் வீடு என்பதில் ஊரில் எவருக்கும் ஐயமில்லை. மிலிந்த மன்னனிடம் பௌத்தத் துறவி நாகசேனர், அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று ஒவ்வொன்றாய் விலக்கிக் கொண்டே போய், தேர் என்பது இவற்றின் சேர்க்கைக்கு நாம் இட்டு வழங்கும் பெயரே என்று நிறுத்தினார். நியாய தரிசனத்தாரான நையாயிகர்களோ அதற்கு உடன்படாமல், அவயவங்களுக்கு வேறாக அவயவி என்று ஒன்று உண்டென்றும், ஓர் அவயவம் நீங்கினாலும் பழைய அவயவி நசித்துப் புதியது பிறக்கிறதென்றும் வாதித்தார்கள். ஒருவர் வழியில் போனால் வீடு வெறும் பெயர். மற்றவர் வழியில் போனால் ஓடு மாற்றும் ஒவ்வொரு வைகாசியிலும் நமக்குப் புது வீடு. இரண்டு சித்தாந்தங்களின் நுட்பத்தையும் நான் வணங்குகிறேன். ஆனால் அம்மாவின் கேள்விக்கு இரண்டிலும் எனக்கு விடை கிடைக்கவில்லை.

விடை கோயிலில் இருந்தது. கோயிலுக்கும் மூப்பு உண்டு. விமானத்தில் அரசு முளைக்கும், அஷ்டபந்தனம் இளகும், தளவரிசை இறங்கும். அதனால்தான் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணியும் கும்பாபிஷேகமும் என்ற வழக்கம் ஏற்பட்டது. ஜீர்ணோத்தாரணம் என்று ஆகமங்கள் கூறும் அந்தக் கிரியையில், உளியை எடுப்பதற்கு முன்பே ஒன்று நடந்தாக வேண்டும். மூலமூர்த்தியிடம் உள்ள தெய்வ சாந்நித்தியமாகிய கலையை மந்திர பூர்வமாகக் கும்பத்து நீரில் ஆகர்ஷித்து, அக்கும்பத்தைப் பாலாலயம் என்னும் தற்காலிகச் சந்நிதிக்கு எழுந்தருளச் செய்து, பெரும்பாலும் அத்திப் பலகையில் எழுதிய உருவத்தில் ஆவாகனம் செய்கிறார்கள். அதன் பிறகே கர்ப்பகிருகத்தில் சாரம் கட்டலாம். வேலை எத்தனை ஆண்டு இழுத்தாலும், பாலாலயத்தில் காலசந்தியும் சாயரட்சையும் ஒரு நாள் தவறுவதில்லை. பாலாலயத்துக்குத் தமிழர் இட்ட பெயர் இளங்கோயில். தேவாரப் பாடல் பெற்ற தலங்களுள் திருமீயச்சூர் இளங்கோயில் ஒன்றாக இருப்பதே அந்தப் பெயரின் தொன்மைக்குச் சான்று. கல் மாறலாம், சுதை மாறலாம், வர்ணம் மாறலாம். உபசாரம் மட்டும் இடையறாதிருந்தால் அது அதே கோயில். தாயார் கேட்டது, இடிக்கும் நாளுக்கும் குடிபுகும் நாளுக்கும் இடையிலுள்ள சாயங்காலங்களைப் பற்றி. எங்கள் வரைபடத்தில் எல்லா அறைகளும் இருந்தன. அந்தச் சாயங்காலங்கள் இல்லை. கிருகப் பிரவேசத்தை அபூர்வம், ஸபூர்வம், துவந்துவம் என மூன்றாகப் பிரித்த சாஸ்திரகாரர்கள், சிதைந்ததைச் செப்பனிட்டு மறுபடி புகுவதைப் புது வீடு புகுவதிலிருந்து வேறாக வைத்ததும் இதே நியாயத்தால்தான் என்று நினைக்கிறேன்.

இன்னொரு செய்தியும் அப்போது என் மனத்தை விட்டு அகலவில்லை. பத்தாம் நூற்றாண்டில், கண்டராதித்த சோழரின் தேவியாரான செம்பியன் மாதேவியார் செங்கல் தளிகள் பலவற்றைக் கற்றளிகளாக எடுப்பித்தார். திருக்கோடிக்காவல் கோயிலை அவ்வாறு கற்றளியாக்குகையில், பழைய கற்களில் இருந்த முன்னோர் சாசனங்களைப் படியெடுத்துப் புதுச் சுவரில் பொறிக்கச் செய்தார். இன்னாருடைய தர்மம் இன்ன விளக்குக்கு என்பது போன்ற வாசகங்களைத் தாங்கிய கல் உதவாமற் போகலாம். அதிலுள்ள கடமை உதவாமற் போகாது என்ற தெளிவு அந்த அம்மையாருக்கு இருந்தது. நம் வீட்டுச் சுவர்களில் சாசனம் ஏது என்று கேட்கலாம். எங்கள் வாசல் திண்ணையே ஒரு சாசனந்தான். வழிப்போக்கன் உட்காரலாம், சாயலாம், ஒரு செம்பு தண்ணீர் கேட்கலாம் என்று யாரும் எழுதாமலே எல்லோரும் வாசித்து வந்தது அது. கட்டில் போன்ற சேர்க்கைப் பொருள் தனக்காக இருப்பதில்லை, பிறிதொருவருக்காகவே இருக்கிறது என்று சாங்கியர்கள் சொல்வதை வீட்டுக்கும் ஒப்புக்கொண்டால், வீட்டை விஸ்தரிப்பது என்பது அந்தப் பிறரின் எண்ணிக்கையை விஸ்தரிப்பதாகவே இருக்க வேண்டும். திண்ணையை இடித்து இரும்புக் கதவுக்குள் வண்டி நிறுத்தும் வீடுகள் தெருவுக்குத் தெரு பெருகுவதைக் காண எனக்கு மிகுந்த துக்கம் உண்டாகிறது; அளவில் பெருத்து, வீடு என்ற ஸ்தானத்தில் அவை சிறுத்துப் போகின்றன. என் தம்பிக்கு இதில் ஆக்ஷேபணை இருந்தது. ஒரு வாரம் பேசி, வண்டிக்குக் கொல்லைப் பக்கம் வழி விட்டு, திண்ணையை வைத்துக்கொண்டோம்.

சுவரை இடித்த அன்று நான் அருகில் நின்றேன். மாடத்தின் ஓரத்தில் மண்வெட்டி பட்டதும், பொங்கலுக்குப் பொங்கல் அடித்த வெள்ளை, ஏட்டுச்சுவடி பிரிவதுபோல ஏடு ஏடாகக் கழன்று விழுந்தது. மாடத்துச் செங்கற்களை மாத்திரம் தனியே எடுத்து வைக்கச் சொன்னேன். அடுத்த தெருவில் அமர்த்திய வாடகை வீட்டில், பாட்டனாரின் கணக்குப் பெட்டியின் மேல் ஒரு தாம்பாளத்தை வைத்து, அதில் அகலை வைத்து, எட்டு மாதம் தாயார் ஒரு மாலையும் தவறாமல் ஏற்றினார். கொத்தனாரும் சித்தாளும் வேலை முடிந்து கூலி வாங்க வருவது அந்த வேளையில்தான். செருப்பைக் கழற்றி, அந்தப் பெட்டியைக் கும்பிட்டுவிட்டுத்தான் அவர்கள் பணத்தைத் தொடுவார்கள்.

புதுக் கூடத்தின் மேற்குச் சுவர் ஆறடி தள்ளி எழும்பியது. அதில் பழைய செங்கற்களைக் கொண்டே, பழைய உயரத்துக்கு நூல் பிடித்து, கொத்தனார் மாடம் வைத்தார். ஆனால் ஒவ்வொரு தடவை சாலை போடும்போதும் தெரு உயர்ந்து எங்கள் வாசல் பள்ளமாகிவிட்டபடியால், தரையை முக்கால் அடி ஏற்றியிருந்தோம்; மாடம் அந்த அளவுக்குத் தணிந்துவிட்டதை ஒருவரும் கவனிக்கவில்லை. குடிபுகுந்த அன்று சாயங்காலம் கண் மங்கிய தாயார், ஒரு கையில் அகலுடன் மெல்ல நடந்து வந்து, மற்றக் கையைப் பழைய உயரத்துக்குத் தூக்கினார். அங்கே சுவர்தான் இருந்தது. விரல்கள் புதுச் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே கீழே இறங்கி, மாடத்தின் விளிம்பைத் தொட்டு, அடியில் எண்ணெய் ஊறிய செங்கல்லின் வழவழப்பில் வந்து நின்றன. "இங்கேதான் இருக்கு" என்று சொல்லி, விளக்கை உள்ளே நகர்த்தி வைத்தார்.