ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்தது



யோங் பெங்குக்கும் லாபிஸுக்கும் நடுவில், பழைய கூட்டரசு சாலையை ஒட்டி இருக்கிற சின்னப் பட்டணம் சாஆ. வெளியூர்க்காரர்களிடம் பெயரைச் சொன்னால் பாதிப் பேர் "எங்கே இருக்கு?" என்பார்கள். 2023 மார்ச்சில் மட்டும் யாரும் அப்படிக் கேட்கவில்லை. ஜொகூரில் 40,000 பேருக்கு மேல் நிவாரண மையங்களில் தங்கியிருந்த அந்த வெள்ளத்தில், சிகாமட், பத்து பகாட்டோடு எங்கள் ஊர்ப் பெயரும் செய்திகளில் அடிபட்டது. சின்ன ஊர் செய்தியில் வருவதற்குத் தண்ணீர் இடுப்பளவு ஏற வேண்டியிருக்கிறது, என்ன செய்ய!

ஆனால் எங்கள் ஊர் வீடுகளில் அதிகம் பேசப்பட்டது வேறொரு செய்தி. 2024 அக்டோபரில் வந்த அறிவிப்பு அது. அடுத்த ஜனவரி முதல் நாளிலிருந்து ஜொகூரில் வார விடுமுறை மறுபடியும் சனி, ஞாயிறு.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஞாயிறு என்றால் என்ன என்று இப்போதைய பிள்ளைகளுக்குச் சொன்னால் புரியுமா தெரியவில்லை. மற்ற நாளெல்லாம் விடியுமுன்னே பிரட்டு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு. அப்பா தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரக் காட்டுக்குப் போனால், நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதுதான் முகத்தையே பார்ப்போம். அப்போதும் அவர் மேல் பால் வாடைதான் முன்னால் வரும். ஞாயிறன்று பிரட்டு கிடையாது. அன்றைக்கு அப்பா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, சைக்கிளின் முன்கம்பியில் ஒருவர், பின்னால் ஒருவர் என்று ஏற்றிக்கொண்டு சாஆ பட்டணத்துக்குக் கிளம்புவார். முதலில் முடிவெட்டு. பிறகு சந்தையில் மீன். பிறகு சீனர் கோப்பிக் கடையில் ஆளுக்கொரு ரொட்டி பாக்கார், அதில் காயா தடவி. அப்பா கோப்பியைத் தட்டில் ஊற்றி ஆற்றிக்கொண்டே கடைக்காரரிடம் ரப்பர் விலையைப் பற்றி மலாயில் பேசுவார். விலை ஏறினாலும் இறங்கினாலும் அவர் கூலி பெரிதாக மாறிவிடப் போவதில்லை; ஆனாலும் பேசுவார். மத்தியானம் தோட்டத்து லயத்தில், வரிசையாக இருக்கிற எல்லா வீட்டிலும் கறி வாசம். தோட்டத்துக் கோயில் திருவிழா என்றாலும், கல்யாணம் என்றாலும் ஞாயிறாகப் பார்த்துத்தான் வைப்பார்கள்.

பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் ஜொகூர் பாருவுக்கும் பாசிர் கூடாங்குக்கும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போனோம். 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுவதும் திறந்த பிறகு, கோலாலம்பூருக்குப் போகிற வண்டிகள் சாஆ வழியாகப் போக வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. யோங் பெங்கில் இறங்கித்தான் நாங்கள் வீட்டுக்கு வருகிறோம். போக்குவரத்து குறைந்ததில் கடைக்காரர்களுக்கு நஷ்டம், எங்களுக்குப் பயணம் சீக்கிரம்.

2014இல் விடுமுறை வெள்ளி, சனிக்கு மாறியது. தூரம் அதேதான், சாலையும் அதேதான். ஆனால் ஒரே வீட்டில் ஆளுக்கொரு வாரம் ஓட ஆரம்பித்தது. சிங்கப்பூரில் வேலை செய்கிற தகப்பன் சனிக்கிழமை மாலை வந்து சேர்வார். மறுநாள் காலையில் பிள்ளைகள் சீருடை மாட்டிக்கொண்டு பள்ளிக்குக் கிளம்புவார்கள். தனியார் தொழிற்சாலைகள் பல சனி, ஞாயிறையே வைத்துக்கொண்டன. அரசாங்க அலுவலகங்கள் ஞாயிறன்று திறந்திருந்தன. கோலாலம்பூரில் ஞாயிறு கல்யாணம் என்றால், ஆசிரியையாக இருக்கிற என் அக்கா விடுப்பு எழுத வேண்டும், இல்லையென்றால் மொய்க் கவரை மட்டும் என்னிடம் கொடுத்தனுப்ப வேண்டும். பெரும்பாலும் கவர்தான் போயிற்று. இப்படி 11 வருஷம். அதற்குள் ஒரு பிள்ளை முதலாம் வகுப்பில் நுழைந்து ஐந்தாம் படிவத்தையே முடித்துவிடலாம்.

2025இல் மாறியதும், பொருளாதாரத்துக்கு நல்லது, வங்கிக்கு நல்லது, கம்பெனிகளுக்கு நல்லது என்று நிறையப் பேர் பேசினார்கள். சாப்பாட்டு மேசையைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை தொழுகைக்கு நிதானமாகப் போய் வந்துகொண்டிருந்த முஸ்லிம் நண்பர்கள் இப்போது வேலைக்கு நடுவே போய் வருகிறார்கள். நமக்கு வந்த வசதி அவர்களுக்குக் கொஞ்சம் அவசரம். அதை மறந்துவிட்டு நாம் மட்டும் சந்தோஷப்படுவது சரியாக இருக்காது.

வீட்டுக்கு வந்து போகிற வழியைப் பற்றி இப்போது ஒரு ரயில் செய்தி. மின்சார ரயில் 2025 டிசம்பரில் ஜொகூர் பாரு வரைக்கும் வந்துவிட்டது. சாஆவுக்கு ரயில் பாதை இல்லை. பக்கத்தில் லாபிஸ், இல்லையென்றால் பெக்கோக். அடுத்து, ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நோர்த்துக்கு ஐந்தே நிமிஷத்தில் போகிற ஆர்டிஎஸ் ரயிலுக்குக் காத்திருக்கிறார்கள். என் அண்ணன் மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, பாலத்து மோட்டார் வரிசையில் நிற்கிறவன். அந்த ரயில் ஓட ஆரம்பித்தால் ஒரு மணி நேரம் கூடத் தூங்கலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறான்.

போன வாரம் சாஆவில் அம்மாவிடம் இதையெல்லாம் விளக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "சரிய்யா, ரயில் வரட்டும். நீங்க எல்லாரும் ஞாயித்துக்கெழம சாப்பாட்டுக்கு இருப்பீங்களா, சனிக்கெழம ராத்திரியே போயிடுவீங்களா? அதச் சொல்லு மொதல்ல. ஆட்டுக்கறிக்குக் கடையில சொல்லி வைக்கணும்."