மூன்று செக்கன்

காலை. கொட்டாஞ்சேனை. இரண்டாம் மாடி வகுப்பறை.

நீலப் பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர். இப்போதுதான் ஊற்றியது. இன்னும் ஆடுகிறது.

பிள்ளைகள் அது அடங்கும்வரை பார்த்திருக்கிறார்கள். பார்க்கும்படி யாரும் சொல்லவில்லை.

*

மேசையில் சில பொருள்கள். அழிறப்பர். ஐந்து ரூபாய்க் குற்றி. வேப்பிலை. கூழாங்கல். சோடாப் போத்தல் மூடி.

தரம் மூன்று. நேரசூசியில் இதன் பெயர் சுற்றாடல்சார் செயற்பாடுகள். விஞ்ஞானம் என்ற பெயர் ஆறாம் தரத்தில்தான் வரும். அதுவரை மழையும் நாயும் வீடும் தண்ணீரும் ஒரே கொப்பிக்குள் கிடக்கின்றன.

பிரிக்க அவசரம் இல்லை.

*

"எது தாழும், எது மிதக்கும்?"

கேட்டாயிற்று.

மின்விசிறி சுற்றுகிறது. கீழே வீதியில் ஒரு லொறி பின்னால் எடுக்கிறது. விட்டு விட்டு ஒலி.

ஒன்று. தொண்டைக்குள் விடை வந்து நிற்கிறது. என்னுடைய விடை.

இரண்டு. முன்வரிசையில் உயர்ந்த கைகள் ஆடுகின்றன.

மூன்று. கடைசி வாங்கில் ஒரு சிறுமி கல்லைப் பார்க்கிறாள். கையை உயர்த்தவில்லை. உதடு அசைகிறது.

*

மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் ஆரம்ப வகுப்பு விஞ்ஞான பாடங்களை ஒலிநாடாவில் பதிவுசெய்து கேட்டார். பேச்சை மட்டுமல்ல, பேச்சில்லாத இடங்களையும் அளந்தார்.

கேள்விக்கும் ஆசிரியர் மறுபடி வாய் திறப்பதற்கும் இடையே சராசரியாக ஒரு செக்கன்.

அது மூன்று செக்கனாக நீண்ட வகுப்புகளில் விடைகள் நீண்டன. "தெரியாது" குறைந்தது. பிள்ளைகள் தாங்களே கேள்வி கேட்டார்கள். வழக்கமாகப் பேசாதவர்கள் பேசினார்கள்.

1974இல் வந்த கட்டுரை. படித்துவிடலாம். மூன்று செக்கன் வாயை மூடியிருப்பது வேறு.

*

கல் தாழ்கிறது. குற்றி தாழ்கிறது. வேப்பிலை மிதக்கிறது. அழிறப்பர் தாழ்கிறது, அதை யாரும் எதிர்பார்க்கவில்லை.

மூடி.

ஒரு பையன் அதைத் தண்ணீரில் வைக்கிறான். வாய் மேலே பார்த்தபடி. மிதக்கிறது. இன்னொருத்தி விரலால் ஓரத்தைத் தொடுகிறாள். ஓரம் சரிகிறது. தண்ணீர் உள்ளே நுழைகிறது. சின்னக் குமிழ் ஒன்று வெளியேறுகிறது. மூடி அசைந்து அசைந்து அடியில் போய்ப் படுக்கிறது.

கொப்பியில் இரண்டு கூடுகள் கீறியிருக்கிறோம். ஒன்று மிதப்பவை. மற்றது தாழ்பவை.

பென்சில்கள் நிற்கின்றன.

*

யன்னலுக்கு அப்பால் புனித லூசியா பேராலயத்தின் குவிமாடம். அதற்கும் அப்பால் துறைமுகத்துப் பாரந்தூக்கிகள். கப்பல் தெரியவில்லை. அதன் ஊதல் வருகிறது. தாழ்ந்த, நீண்ட ஒலி. நெஞ்செலும்பில் கொஞ்சம் அதிர்கிறது.

"டீச்சர், கப்பல் இரும்புதானே?"

*

இரும்பு தண்ணீரைவிட ஏறத்தாழ எட்டு மடங்கு அடர்த்தி. ஆனால் கப்பல் என்பது இரும்பு மட்டும் இல்லை. இரும்புச் சுவருக்குள் அடைத்து வைத்த வெறுமையும் சேர்ந்ததுதான் கப்பல். மொத்தமாக அது தன் பாரத்துக்குச் சமமான தண்ணீரை ஒதுக்கிவிட்டு அந்த இடத்தில் இருக்கிறது.

இதைச் சொல்லவில்லை. கேட்டவனிடம் களிமண் உருண்டை ஒன்றைக் கொடுக்கிறேன். தாழ்கிறது. எடுத்து, அமுக்கி, கிண்ணமாக்கி வைக்கிறான். நிற்கிறது.

அதே களிமண். அவன் அதை மணந்து பார்க்கிறான்.

*

2021 மே 20. கொழும்புக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பலில் தீ. பல நாள் எரிந்தது. ஜூனில் கடலுக்குள் போனது.

அதிலிருந்த பிளாஸ்டிக் மணிகள் 1,600 தொன்னுக்கு மேல். பருப்பு அளவில் வெள்ளை மணிகள். மேற்குக் கரையெங்கும் ஒதுங்கின.

கப்பல் தாழ்ந்தது. மணிகள் மிதந்தன.

அந்த நாட்களில் கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடியிருந்தன. பாடம் கடலில் நடந்தது.

*

குட்டைக் குவளையிலிருந்து ஒடுங்கிய நெட்டைக் குவளைக்கு அதே தண்ணீர். ஆறு வயதுப் பிள்ளை நெட்டையில்தான் கூட என்கிறது. திரும்பக் குட்டையில் ஊற்றினால், சமன் என்கிறது. மறுபடி நெட்டையில். கூட.

ஜெனீவாவில் உளவியலாளர் ழான் பியாஜே இதைப் பிள்ளைகளோடு செய்து பார்த்தார். இங்கே முதலாம் தர வகுப்பிலும் அதே விடை.

அந்தப் பிள்ளை தண்ணீரின் உயரத்தைப் பார்க்கிறது. உயரம் உண்மையில் கூடத்தான் இருக்கிறது.

சில மாதங்களில், யாரும் சொல்லாமலே, ஒருநாள் "ரெண்டும் ஒன்றுதானே" என்று சிரிக்கும். முன்பு சொன்னது அதற்கு நினைவிருக்காது.

*

இடைவேளை. பாணும் சம்பலும் மணக்கிறது. தாழ்வாரத்துச் சுவரில் ஒரு காகம். வால் பக்கம் காற்றில் ஏறி இறங்குகிறது.

பேசின் மேசையிலேயே இருக்கிறது. ஒருத்தி தனியாக வந்து விரலை விட்டு எடுக்கிறாள். விரல் நுனியில் துளி. கனக்கிறது. நீள்கிறது. இன்னும் விழவில்லை.

*

பூச்சாடித் தட்டில் தேங்கிய நீர். கண்ணாடிப் போத்தலில் எடுத்து வந்திருக்கிறது. உள்ளே நுளம்புக் குடம்பிகள்.

மேற்பரப்பில் வால் நுனியால் தொங்கிக்கொண்டு மூச்சு எடுக்கின்றன. ஒரு தலையின் நிழல் விழுகிறது. எல்லாம் நெளிந்து கீழே ஓடுகின்றன. நிழல் விலகுகிறது. ஒவ்வொன்றாக மேலே வருகின்றன.

"டீச்சர், இது மிதக்குதா, தாழுதா?"

*

2017இல் இந்தத் தீவில் டெங்கு நோயாளர் 1,86,000க்கு மேல். கொழும்பில்தான் அதிகம்.

டெங்கு நுளம்பு பகலில் கடிக்கும். முட்டைகளை நீர்விளிம்புக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டிவைக்கும். தண்ணீர் வற்றினாலும் அவை மாதக்கணக்கில் காத்திருக்கும். அதனால் ஊற்றினால் போதாது. தேய்த்துக் கழுவ வேண்டும்.

பார்த்து முடிந்ததும் போத்தல் நீரை வெயில் மண்ணில் ஊற்றுகிறோம். மண் உறிஞ்சுகிறது. கறுப்பாய்ச் சில நெளிவுகள். பிறகு இல்லை.

"அதுக்கு நோகுமா?"

ஒன்று. இரண்டு. மூன்று.

இந்த முறை நிரப்ப ஒன்றும் வரவில்லை.

*

யன்னலோரம் யோகட் கோப்பைகள். ஈரப் பஞ்சு. பயறு.

முதல் நாள் தோல் சுருங்கும். பிறகு ஊதும். பிறகு வெடித்து வெள்ளையாய் ஒரு நுனி. அது எப்போதும் கீழ்நோக்கியே வளைகிறது. கோப்பையைச் சரித்து வைத்தாலும் மறுநாள் வளைந்து கீழே திரும்பியிருக்கிறது. வேர் நுனிக்குள் மிக நுண்ணிய மாமணிகள் இருக்கின்றன. அவை அடியில் படிவதை வைத்து வேர் திசை அறிகிறது.

அங்கேயும் ஏதோ தாழ்கிறது.

ஒரு பையன் தினமும் காலையில் பஞ்சைப் பிரித்துப் பயறை எடுத்துப் பார்க்கிறான். வளர்ந்ததா என்று. திரும்ப வைக்கிறான். அவனுடைய முளை கோணலாக இருக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது.

*

ஏப்ரல் 7ஆம் திகதியளவில். புதுவருட லீவுக்கு முந்திய நாட்கள். எங்கோ குயில்.

மைதானத்தில் ஒரு தடி. காலையில் மேற்கே நீண்ட நிழல். வெண்கட்டியால் அடையாளம் வைக்கிறார்கள். குறைகிறது. குறைகிறது.

12.12 மணியளவில் நிழல் தடியின் காலடிக்குள் போய்விடுகிறது. கொழும்பு ஏழு பாகை வட அகலக்கோட்டுக்குக் கிட்ட. சூரியன் ஆண்டில் இரண்டு முறை நேர் உச்சியில் நிற்கும். செப்டெம்பர் முதல் வாரத்தில் மறுபடி.

எகிப்தின் சயீன் நகரில் இது ஆண்டுக்கு ஒரு முறை. எரட்டோஸ்தெனிஸ் என்ற பண்டைய கிரேக்க அறிஞர் அந்த நிழலின்மையை வைத்துக்கொண்டு பூமியின் சுற்றளவைக் கணித்தார்.

பிள்ளைகள் தங்கள் நிழலைத் தேடுகிறார்கள். காலைத் தூக்கிப் பார்க்கிறார்கள். உச்சந்தலை சுடுகிறது.

*

1999இல் நாடெங்கும் முதலாம் தரத்தில் தொடங்கிய கல்விச் சீர்திருத்தம். விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை. சின்ன வகுப்புகளில் விளையாட்டு கூட. மேலே போகப்போக எழுத்துவேலை கூட.

ஐந்தாம் தரத்தில் புலமைப்பரிசில் பரீட்சை. ஒரு வினாத்தாளில் 40 கேள்வி, ஒரு மணித்தியாலம். ஒரு கேள்விக்கு 90 செக்கன்.

கீழ்மாடியில் அந்த வகுப்பு. கதவு சாத்தியிருக்கிறது. ஒரே நேரத்தில் பக்கங்கள் புரளும் சத்தம்.

வெளியே வாசலில், மதியத்துக்கு முன்பே, டியூஷன் பையோடு ஒரு தாய். குடையை மடித்து, விரித்து, மடிக்கிறார்.

*

ரோவின் பதிவுகளில் இன்னொன்று. கெட்டிக்காரர் என்று ஆசிரியர் எண்ணிய பிள்ளைகளுக்குக் காத்திருந்த நேரம், மெதுவானவர் என்று எண்ணிய பிள்ளைகளுக்குக் காத்திருந்ததைவிட ஏறத்தாழ இரு மடங்கு.

யோசிக்க நேரம் தேவைப்பட்டவர்களுக்குக் குறைந்த நேரம்.

கடைசி வாங்குச் சிறுமி. கேள்வி அவளிடம் போகிறது. அறை முழுவதும் திரும்பிப் பார்க்கிறது. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. அவள் நகத்தால் மேசையைச் சுரண்டுகிறாள்.

"மூடிக்குள்ள முதல்ல காத்து இருந்தது. பிறகு தண்ணி இருந்தது."

*

தண்ணீர்ப் போத்தல்கள் வரிசையாக. சிவப்பு, நீலம், ஒன்றில் டைனோசர்.

"இந்தத் தண்ணி எங்கயிருந்து வருது?"

"பைப்பில."

"பைப்புக்கு?"

"டாங்கியில."

"டாங்கிக்கு?"

அதற்குமேல் போகவில்லை. கரும்பலகையில் ஒரு கோடு கீறுகிறேன். சிவனொளிபாதமலைப் பக்கத்து மலைகள். களனி கங்கை, 145 கிலோமீற்றர். அம்பத்தலையில் சுத்திகரிப்பு. அங்கிருந்து குழாய். மிச்ச ஆறு முகத்துவாரத்தில் கடல். இங்கிருந்து நடந்து போகும் தூரம்.

வரட்சியில் ஆறு மெலியும்போது கடல் உள்ளே ஏறும். உப்பு நீர் பாரம்; ஆற்று நீருக்கு அடியால் தவழ்ந்து வரும். அம்பத்தலையை எட்டாமல் குறுக்கே தடுப்புப் போடுவார்கள்.

ஒருவன் தன் போத்தலைத் திறந்து நக்கிப் பார்க்கிறான்.

"உப்பு இல்ல."

*

பின்னேரம். வெள்ளவத்தை. மரைன் டிரைவைக் கடந்து, தண்டவாளத்தைக் கடந்து, கறுப்புக் கற்கள்.

ரயில் வருகிறது. ஓசைக்கு முன் கல்லில் அதிர்வு. கற்களிடையே தேங்கிய நீரில் மெல்லிய வளையங்கள். ஊதல் கிட்ட வரும்போது கூர்மை. கடந்ததும் சட்டென இறங்குகிறது. படிகளில் தொங்கியவர்களின் சட்டைகள் படபடத்துப் போகின்றன.

உதட்டில் உப்பு. தொடர்மாடி வீடுகளின் யன்னல் கம்பிகளில் செம்மண் நிறத் துரு. மூன்று போத்தல்களில் மூன்று ஆணிகள் போட்டு வைக்கும் செயற்பாடு ஒன்று உண்டு. இங்கே தெரு முழுவதும் அந்தச் செயற்பாடு நடந்துகொண்டிருக்கிறது.

*

மேற்கே பிறை. படுத்திருக்கிறது. இரு நுனிகளும் மேலே பார்த்தபடி.

கொப்பிகளில் எல்லாப் பிறைகளும் நிமிர்ந்து நிற்கின்றன. படப் புத்தகங்களில் நிற்பதுபோல. அவை பெரும்பாலும் வடக்கே தூர நாடுகளில் தெரியும் பிறைகள். மத்தியகோட்டுக்குக் கிட்ட, ஆண்டின் இந்த மாதங்களில், அது சாய்ந்து மல்லாந்து கிடக்கும்.

பூரணை எல்லாருக்கும் தெரியும். அன்றைக்குப் போயா லீவு. சூரியன் கடலுக்குள் போகும் வேளையில், முதுகுப் பக்கம், காலி வீதிக் கட்டடங்களுக்கு மேலே அது வந்துவிடும்.

யாரும் திருத்தாத பிறைகள் நாற்பது. சிவப்புப் பேனை பைக்குள் இருக்கிறது.

*

போகும்போது வாசலில் நின்று ஒருத்தி கேட்டது.

"இன்றைக்கு மிதந்தது நாளைக்கும் மிதக்குமா டீச்சர்?"

வான் ஹோர்ன் அடிக்கிறது. அவள் ஓடிவிட்டாள்.

*

இரவு. கடைக்குச் சாமான் துண்டு எழுத வேண்டும்.

உப்பு ஒரு பைக்கற். பெரிய கண்ணாடிக் குவளை இரண்டு. முட்டை இரண்டு. ஒன்று உடைந்தால் மற்றது.