சட்டத்துக்குள் ஒரு கைரேகை

படங்களுக்குக் கண்ணாடி போடும் கடை அது. சுவரெல்லாம் சட்டங்கள். மாலை சூடிய மூதாதையர், மணக்கோலத்து இணையர், பட்டம் பெற்ற பிள்ளைகள்! அங்கே ஓர் இளைஞர் வந்தார். மடிப்பு விழுந்த பழைய தாளொன்றைப் பையிலிருந்து எடுத்து, மேசைமீது மெல்ல விரித்தார். கடன் பத்திரம்! அதன் அடியிலே, கரிய மையில் ஒரு பெருவிரல் ரேகை.

"என் அன்னையின் கைநாட்டு, ஐயா. அவருக்குப் புகைப்படம் கிடையாது. என்னைப் படிக்கவைக்கப் பட்ட கடன் இது. களையெடுத்தும் கதிரறுத்தும் கடனைத் தீர்த்து, பத்திரத்தைத் திரும்பப் பெற்றார். இதற்குச் சட்டம் போட வேண்டும்."

"மாலை மாட்ட ஆணி வைக்கட்டுமா, தம்பி? மேலே சிறு விளக்கு?"

"விளக்கு வேண்டாம், ஐயா. கீழே நான்கு வரி எழுத இடம் விடுங்கள்."

தோழர்களே! நினைவுப் பொருளைப் போற்றுவது மூடநம்பிக்கையா? பகுத்தறிவாளன் வீட்டுச் சுவர் வெறுஞ்சுவராகத்தான் இருக்க வேண்டுமா?

"தாள் தாள்தானே, மை மைதானே! தாயா அதிலே இருக்கிறாள்?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. உண்மைதான்; தாளிலே தாய் இல்லை. ஆனால் அதைக் கண்டதும் மகன் உள்ளத்திலே எழும் நன்றி பொய்யா? அன்பு அறிவின் பகையன்று. ஒரு பொருளுக்கு மதிப்புத் தருவது வேறு. அப்பொருளுக்கு ஆற்றல் உண்டென நம்புவது வேறு. முன்னது மனிதப் பண்பு, பின்னது மயக்கம். இரண்டையும் பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: படத்தின் முன் நின்று நன்றி கூறுகிறாயா, வரம் கேட்கிறாயா?

சட்டமிடுவோரின் தொழிலே இதற்குப் பாடம் சொல்கிறது. மரத்துண்டுகளின் முனைகளை 45 பாகையில் அறுத்துப் பொருத்துவது மட்டுமன்று அத்தொழில். கண்ணாடி தாளைத் தொடலாகாது. தொட்டால், ஈரம் தேங்கி, நாளடைவில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பிரிக்க முயன்றால் தாள் கிழியும். ஆகவே சாளரம்போல் வெட்டிய அட்டையை இடையில் வைத்து இடைவெளி விடுவர், தொழில் அறிந்தோர். அமிலம் கலந்த மட்டமான அட்டை தாளைப் பழுப்பாக்கும் என்று அதை ஒதுக்குவர். வெயில் மையை வெளுக்கச் செய்யும் என்று நிழற்சுவரைத் தேடச் சொல்வர். தாள் முழுவதும் பசை தடவார். மீண்டும் சேதமின்றி எடுக்கும்படி, மேல்விளிம்பில் மட்டும் மாவுப்பசையிட்ட சிறு துண்டுகளால் பிடித்து வைப்பர்.

காப்பதற்கும் இடைவெளி வேண்டும்! ஒட்டிக்கொண்டது கிழியும், இடைவெளி விட்டது நிலைக்கும். நினைவுக்கும் நமக்கும் நடுவே இருக்க வேண்டிய அந்த இடைவெளிக்குத்தான் பகுத்தறிவு என்று பெயர்.

அது இல்லாத இல்லங்களைப் பாருங்கள். சுவரிலே தந்தையின் படம். சந்தனப் பொட்டு, குங்குமப் பொட்டு, புத்தம்புது மாலை! அதன் கீழே நிற்கிறாள் தாய். அவள் நெற்றியிலே பொட்டு இல்லை. கூந்தலிலே பூ இல்லை. மகளின் மணமேடையில் அவளுக்கு இடமும் இல்லை. கண்ணாடிக்குக் குங்குமம், கண்ணீர் சிந்தும் உயிருக்குத் தடை! இறந்தவர் பெயரால் இருப்பவரை ஒடுக்குவதா நினைவு? அது மரத்தாலான சட்டமன்று, மடமையாலான சட்டம்!

நம் முன்னோரும் நினைவுக்குச் சின்னம் நாட்டினர். நடுகல் நாட்டும் முறையைத் தொல்காப்பியம் படிப்படியாகக் கூறுகிறது. அக்கற்களுக்கு மாலை சூட்டினர், கள்ளும் படைத்தனர், மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும், இன்னார் இன்னது செய்து வீழ்ந்தார் என்று எழுத்தும் பொறித்தனர். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், பல்லவன் மகேந்திரவர்மன் காலத்தில், 7-ஆம் நூற்றாண்டில் நாட்டிய கல்லொன்று உண்டு. எருமைகளைக் காத்து வீழ்ந்த வீரனோடு, கள்வரைக் கடித்துக் காவல் நின்ற நாயையும் 'கோவிவன்' என்று பெயர் சொல்லிப் போற்றுகிறது அக்கல். சூட்டிய மாலை அன்றே வாடிற்று. பொறித்த எழுத்தோ 1300 ஆண்டுகள் கடந்தும் பேசுகிறது!

நாய்க்கும் பெயர் பொறித்த நாட்டிலே, நாற்று நட்ட தாயின் பெயர் எங்கே?

ஒரு வாரம் கழித்து அக்கடைக்குச் சென்றேன். சட்டம் ஆயத்தமாக இருந்தது. ரேகையின் கீழே, அன்னையின் பெயர். அதன் கீழே, மகனின் கையெழுத்தில் நான்கு வரிகள்:

களையெடுத்தார்.
கடன் பட்டார்; தீர்த்தார்.
மகனைப் படிக்கவைத்தார்.
அவரைப் படிக்கவைக்க ஒருவரும் இல்லை.

கைநாட்டு என்றால் ஏளனம் செய்யும் உலகம், அந்த நான்காம் வரியின் முன் தலைகுனியத்தான் வேண்டும்!

உங்கள் வீட்டுப் படத்தின் கீழே என்ன எழுதியிருக்கிறது, தோழர்களே? தோற்றம், மறைவு: இரண்டு தேதிகள். இரண்டுக்கும் இடையே வாழ்ந்த வாழ்வு எங்கே? எழுதுகோலை எடுங்கள். அன்னை உயிரோடிருந்தால், அவரருகே அமர்ந்து, அவரிடமே கேட்டு எழுதுங்கள். சட்டம் பிறகு போடலாம்.